கேஸ் ஷீட்டின் மூலையில் ஒரு சிவப்பு எழுத்து: எச்.ஐ.வி. மருத்துவப் பதிவுகளை யார் பார்க்கலாம்?

அரசு மருத்துவமனைகளில் ஓ.பி. சீட்டு வாங்கும் வரிசையில் இப்போது ‘ஆபா’ எண், அதாவது மத்திய அரசின் டிஜிட்டல் சுகாதாரக் கணக்கு எண், கேட்கிறார்கள். செல்போனில் க்யூ.ஆர். குறியை ஸ்கேன் செய்தால் டோக்கன் சீக்கிரம் கிடைக்கிறது. வசதிதான். ஆனால் எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து எடுத்துக்கொள்பவருக்கு அந்த இடத்தில் கை தயங்குகிறது. கடலூரில் பல்வலிக்குப் போனால், புதுச்சேரியில் வாங்கும் மாத்திரை விவரம் அங்கே திரையில் வந்து நிற்குமா?

அப்படித் தானாக வராது. ஏன் வராது என்பதைக் கீழே பார்க்கலாம். அதற்கு முன் ஒரு விஷயம்: இதுவரை ஊரில் ஒருவருடைய நிலை வெளியே தெரிந்த கதைகளைக் கேட்டால், அவற்றில் கம்ப்யூட்டர் வருவது அபூர்வம். வார்டில் சத்தமாகக் கூப்பிட்டது, கட்டிலில் மாட்டிய அட்டை, வேறு யாருடைய செல்போனுக்கோ போன லேப் ரிப்போர்ட், இப்படித்தான் தெரிந்திருக்கும். சட்டம் இந்த எல்லாவற்றையும் பற்றிப் பேசுகிறது. எங்கே அழுத்தமாகப் பேசுகிறது, எங்கே குரல் தணிகிறது என்பதில்தான் குழப்பம்.

பதிவு என்பது ஒரே ஒரு ஃபைல் அல்ல

எச்.ஐ.வி. உள்ள ஒருவரைப் பற்றிய தகவல் குறைந்தது ஐந்து இடங்களில் இருக்கிறது.

1. நம்பிக்கை மையம். அரசு மருத்துவமனையில் ஆலோசனையும் ரத்தப் பரிசோதனையும் நடக்கும் இடம். சோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசகர் பேச வேண்டும் என்பது விதி.

2. ஏ.ஆர்.டி. மையம். கூட்டு மருந்து கொடுக்கும் இடம். நோயாளியின் சிகிச்சை விவரம் முழுவதும் எழுதப்பட்ட வெள்ளை அட்டை மையத்திலேயே இருக்கும். பச்சைப் புத்தகம் நோயாளியின் கையில் இருக்கும். கம்ப்யூட்டரிலும் தனிப் பதிவு உண்டு.

3. வேறு நோய்க்காகப் போகும் மருத்துவமனை. பிரசவம், குடலிறக்க அறுவை, கண்புரை, எதுவானாலும் அங்கே ஒரு கேஸ் ஷீட் திறக்கப்படும்.

4. தனியார் லேப். அறுவைக்கு முன் ‘வைரல் மார்க்கர்’ என்று ஒரே தொகுப்பாக எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி மூன்றையும் எடுத்துவிடுகிறார்கள்.

5. மருந்து டப்பா. இதைப் பதிவு என்று யாரும் எண்ணுவதில்லை. இப்போது பெரும்பாலானோருக்குத் தரப்படுவது டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெகிராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, நாளுக்கு ஒன்று. பெயரைக் கூகுளில் தட்டினால் போதும், எதற்கான மருந்து என்று முதல் வரியிலேயே வந்துவிடும். அதனால்தான் பலர் மையத்தின் வாசலைத் தாண்டியதும் லேபிளைக் கிழித்துவிடுகிறார்கள். பையில் டப்பா குலுங்கும் சத்தத்துக்குப் பயந்து மாத்திரைகளைக் கவரில் மாற்றிக்கொள்பவர்களும் உண்டு. மருந்து கெடாமல் இருக்க டப்பாவிலேயே வைத்திருக்க வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்புகிறார்கள். ஆனால் வீட்டில் மாமியார் இருக்கிறார்.

லேப் விஷயத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதல் சோதனையில் ‘ரியாக்டிவ்’ என்று வந்தாலே எச்.ஐ.வி. இருப்பதாக அர்த்தம் ஆகாது. நோய் அறிகுறி இல்லாத ஒருவருக்கு மூன்று வெவ்வேறு கிட்களில் பார்த்த பிறகுதான் நம்பிக்கை மையம் உறுதி செய்யும். அந்த முதல் ரிப்போர்ட் பி.டி.எஃப். ஆக, ரிஜிஸ்டர் செய்தபோது கொடுத்த எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் போய்விடுகிறது. அந்த எண் மகனுடையதாகவோ மருமகனுடையதாகவோ இருக்கும். உறுதியாகாத ஒரு சேதி, கேட்கக் கூடாதவரிடம் முதலில் போய்ச் சேர்கிறது.

சட்டம் எங்கே நிற்கிறது

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில். அதற்கென்று தனிச் சட்டம் வர 31 ஆண்டுகள் ஆயின. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம் 2017-ல் நிறைவேறியது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது.

இடைப்பட்ட காலத்தில் நீதிமன்றம் போன பாதையும் நேரானதாக இல்லை. 1998-ல் ‘மிஸ்டர் எக்ஸ் எதிர் ஹாஸ்பிட்டல் இசட்’ என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. ரத்த தானம் கொடுத்தபோது ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. சேதி வெளியே போனது, நிச்சயித்த கல்யாணம் நின்றது. மருத்துவமனை செய்தது தவறில்லை என்றது நீதிமன்றம். அதோடு நிற்காமல், எச்.ஐ.வி. உள்ளவரின் திருமண உரிமை பற்றியும் கடுமையாகச் சொல்லிவைத்தது. 2002-ல் மூன்று நீதிபதிகள் அமர்வு, திருமணம் பற்றிய அந்தப் பேச்சு அந்த வழக்குக்குத் தேவையே இல்லாதது என்று ஒதுக்கியது. 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தனியுரிமையை அடிப்படை உரிமை என்று அறிவித்தது. இன்றும் சில டாக்டர்கள் 1998-ஐ மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

2017 சட்டத்தில் பதிவுகளைத் தொடும் பிரிவுகள் முக்கியமாக நான்கு.

1. பிரிவு 5: சம்மதம் இல்லாமல் சோதனை கூடாது. அட்மிஷன் படிவத்தின் அடியில் ‘எல்லாச் சோதனைகளுக்கும் சம்மதம்’ என்று வாங்கும் கையெழுத்து இதற்குப் போதாது. அவருக்குப் புரியும் மொழியில் விளக்கிச் சொல்லி, வற்புறுத்தாமல் பெற்றால்தான் சம்மதம். ரத்த வங்கியில் தான ரத்தத்தைச் சோதிப்பது, பெயர் தெரியாத கணக்கெடுப்பு, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விலக்குகள் உண்டு.

2. பிரிவு 8: தன் நிலையைச் சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. நம்பிக்கையின் பேரில் தெரிந்துகொண்ட ஒருவர், அதை இன்னொருவரிடம் சொல்ல எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும்.

3. பிரிவு 9: துணைக்குத் தெரிவிப்பது எப்போது, எப்படி.

4. பிரிவு 11: இத்தகவல்களை வைத்திருக்கும் எந்த நிறுவனமும் தரவுப் பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்தாக வேண்டும். காகிதம், கம்ப்யூட்டர் இரண்டுக்கும் இது பொருந்தும்.

பிரிவு 8-ல் விலக்குகள் இருக்கின்றன. வாதம் எல்லாம் கிளம்புவது அங்கிருந்துதான். சிகிச்சையில் ஈடுபட்டுள்ள ஒரு மருத்துவப் பணியாளர் இன்னொருவரிடம் சொல்லலாம். ஆனால் அந்த வாக்கியத்திலேயே ஒரு நிபந்தனை இருக்கிறது: சிகிச்சைக்கு அது தேவையாக இருக்க வேண்டும். காசநோய்க்கு மருந்து எழுதும் டாக்டருக்குத் தேவை, ஏனென்றால் ரிஃபாம்பிசின் சேரும்போது டொலுடெகிராவிரின் அளவை மாற்ற வேண்டியிருக்கிறது. மயக்க மருந்து கொடுப்பவருக்குத் தேவைப்படலாம். பில் போடுபவருக்கு? சாப்பாடு கொண்டுவருபவருக்கு? வார்டில் பக்கத்துக் கட்டிலுக்கு வந்த உறவினருக்கு? அவர்களுக்கு எந்த விதத்திலும் தேவையில்லை.

வேலை கொடுப்பவர் சோதனை ரிப்போர்ட் கேட்பதும் இந்தச் சட்டத்தில் தடை. வேலை, படிப்பு, சிகிச்சை மூன்றுக்கும் எச்.ஐ.வி. சோதனையை முன்நிபந்தனையாக வைக்க முடியாது. பிள்ளையின் நிலையைப் பள்ளியில் சொல்ல வேண்டிய கடமையும் பெற்றோருக்கு இல்லை.

கணவருக்கு, மனைவிக்குச் சொல்லலாமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். டாக்டரோ ஆலோசகரோ மட்டும், அதுவும் இந்த வரிசையில் வந்தால் மட்டும், துணைக்குச் சொல்லலாம்:

1. துணைக்குத் தொற்று பரவக் கணிசமான ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்ப வேண்டும்.
2. ‘நீங்களே சொல்லிவிடுங்கள்’ என்று முதலில் அவருக்கு ஆலோசனை கொடுத்திருக்க வேண்டும்.
3. அவர் சொல்ல மாட்டார் என்பது தெளிவாகியிருக்க வேண்டும்.
4. ‘அப்படியானால் நாங்கள் சொல்லப்போகிறோம்’ என்று அவரிடம் முன்கூட்டியே தெரிவித்திருக்க வேண்டும்.
5. துணையிடம் நேரில், ஆலோசனை கொடுத்த பிறகு சொல்ல வேண்டும். போனில் இல்லை, கடிதத்தில் இல்லை.

இத்தனையும் நடந்தாலும், சொன்னால் அடி உதை விழும், வீட்டை விட்டுத் துரத்திவிடுவார்கள் என்ற நியாயமான அச்சம் இருந்தால் சொல்லக் கூடாது என்று ஒரு தடுப்பு இருக்கிறது. கர்ப்பகாலச் சோதனையில் பெண்ணுக்குத்தான் வீட்டில் முதலில் தெரியவருகிறது, ‘இவள்தான் கொண்டுவந்தாள்’ என்ற பழியும் அவள் தலையில்தான் விழுகிறது. சட்டத்தில் அந்தத் தடுப்பு இருப்பதற்கு இந்த நிலைமையைத் தவிர வேறு விளக்கம் தேவையில்லை.

மாமனார், மாமியார், அண்ணன், ஊர்ப் பெரியவர் யாரும் இந்தப் பட்டியலில் கிடையாது. ‘கூட வந்திருக்கிறாரே’ என்று அவரிடம் சொல்வது நம் ஆஸ்பத்திரிகளில் சாதாரணம். சட்டப்படி அது மீறல்.

மருந்தைத் தவறாமல் எடுத்து, ரத்தத்தில் வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலைக்கு இறங்கி அங்கேயே நின்றால் உடலுறவு மூலம் பரவுவதில்லை என்பது இன்று மருத்துவத்தில் நிலைபெற்ற முடிவு. அப்படி ஒருவர் விஷயத்தில், மேலே உள்ள முதல் படியான ‘கணிசமான ஆபத்து’ என்பதையே டாக்டர் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

‘எங்களுக்கும் பாதுகாப்பு வேண்டாமா?’

கேஸ் ஷீட்டின் வலது மூலையில் சிவப்பு மையில் ‘ரெட்ரோ’ என்றோ ‘ஆர்.வி.டி.’ (ரெட்ரோவைரஸ் நோய் என்பதன் சுருக்கம்) என்றோ எழுதி ஒரு வட்டம் போடுவார்கள். ரகசியக் குறி என்று அவர்களுக்கு நினைப்பு. ஒரு வாரம் வார்டில் படுத்திருப்பவருக்கே அது என்னவென்று புரிந்துவிடும். கட்டிலில் தனி நிற அட்டை, ரத்த ட்யூபில் தனி ஸ்டிக்கர், அறுவைப் பட்டியலில் கடைசி இடம், இவையும் அதே வேலையைத்தான் செய்கின்றன.

கேட்டால் நர்ஸ் சொல்லும் பதில் நேர்மையானதுதான்: ‘ஊசி குத்திவிட்டால் எங்கள் கதி?’ இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. எச்.ஐ.வி. உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்று வரும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று அளவு. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி வரும் வாய்ப்பு 6 முதல் 30 சதவீதம். சிவப்பு வட்டம் போட்ட கட்டிலில் இரட்டைக் கையுறை போடுபவர், வட்டம் இல்லாத கட்டிலில் வெறுங்கையோடு ஊசியை மூடுகிறார். சோதனையே செய்யாதவர், புதிதாகத் தொற்றியதால் சோதனையில் தெரியாதவர் எல்லாம் அந்த வட்டமில்லாத கட்டிலில்தான் இருக்கிறார்கள்.

எல்லா நோயாளியிடமும் ஒரே மாதிரி எச்சரிக்கை, கையுறை, ஊசி வெட்டும் கருவி என்பதுதான் முறை. குத்திவிட்டால் உடனே தடுப்பு மருந்து: இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, 28 நாள் எடுக்க வேண்டும். ஊழியர்களுக்கு இந்தக் கருவிகளையும் மருந்தையும் பயிற்சியையும் தருவது நிறுவனத்தின் கடமை என்று அதே 2017 சட்டத்தின் பிரிவு 19 சொல்கிறது. கையுறைக்குச் செலவு செய்யாத நிர்வாகம் சிவப்புப் பேனாவை வைத்து ஒப்பேற்றுகிறது என்பது என் கருத்து. நர்ஸின் கோபம் போக வேண்டிய இடம் நோயாளி அல்ல.

ஆபா எண்ணில் என்ன இருக்கிறது?

ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் 2021 செப்டம்பரில் நாடு முழுவதற்கும் தொடங்கப்பட்டது. ஆபா என்பது 14 இலக்க எண். அது வேலை செய்யும் விதம் இப்படி:

1. ஓ.பி. வரிசையில் ஸ்கேன் செய்யும்போது போவது பெயர், வயது, பாலினம், போன், முகவரி போன்ற அடையாள விவரங்கள்தான். நோய் வரலாறு போவதில்லை.

2. பதிவுகள் டெல்லியில் ஒரே பீரோவில் குவிக்கப்படுவதில்லை. எந்த மருத்துவமனை உருவாக்கியதோ அங்கேயே இருக்கும். ஆபா எண்ணோடு இணைத்தால் ‘இன்ன இடத்தில் இன்னது இருக்கிறது’ என்ற சுட்டி மட்டும் உருவாகும்.

3. இன்னொரு டாக்டர் அதைப் பார்க்க, உங்கள் செல்போனுக்குச் சம்மதக் கோரிக்கை வர வேண்டும். எதை, எத்தனை நாளுக்கு என்று நீங்கள் வரம்பு வைக்கலாம். பிறகு திரும்பப் பெறவும் செய்யலாம்.

4. ஆபா எடுப்பது விருப்பம். ‘இல்லை’ என்பதற்காகச் சிகிச்சை மறுக்க முடியாது.

காகிதத்தில் இது நல்ல ஏற்பாடு. சிக்கல் செல்போனில் இருக்கிறது. வீட்டுக்கு ஒரு போன் இருந்து, அது கணவர் சட்டைப் பையில் இருந்தால், சம்மதம் கொடுப்பவர் யார்? ஓ.டி.பி. வந்ததும் ‘நம்பர் சொல்லுங்கம்மா’ என்று கவுன்டரில் கேட்டு அவர்களே ‘ஓகே’ அழுத்தினால், அது பிரிவு 5-ம் 8-ம் சொல்லும் சம்மதமா? கவனிக்க வேண்டிய இடம் இதுதான். எந்த மருத்துவமனைப் பதிவை இணைப்பது என்ற முடிவு உங்களுடையது. பொதுச் சிகிச்சைக்கு ஆபா வைத்துக்கொண்டு, கூட்டு மருந்துப் பதிவை அதில் சேர்க்காமல் விடுவதில் தவறேதும் இல்லை.

முள்ளோடைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் புதுச்சேரி. இடையில் முள்ளோடையில் மாநில எல்லை. கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மருக்குக் கடலூர், விழுப்புரம் மாவட்ட மக்கள் எல்லா நோய்க்கும் போகிறவர்கள்தான். எச்.ஐ.வி. விஷயத்தில் பயணத்துக்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது: சொந்த ஊர் மருத்துவமனையில் அந்த அறை வாசலில் உட்கார்ந்தால் தெரிந்த முகம் யாராவது பார்த்துவிடும். பாதுகாப்பான சர்வரோ சட்டமோ தராத மறைவை அந்தப் பஸ் டிக்கெட் தருகிறது. எதிர்த்திசையில் வருபவர்களுக்கும் அதே கணக்குதான்.

ஆனால் எல்லை தாண்டினால் நிர்வாகமும் மாறுகிறது. கடலூரில் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம், அங்கே புதுச்சேரி எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம். மையம் மாறினால் பதிவும் முறைப்படி மாற்றப்பட வேண்டும். முகவரி, போன் எண் புதிதாகக் கேட்கப்படும். மருந்து வாங்க வராதவரைத் தேடி வரும் ஏற்பாடும் உண்டு என்பதால், வீட்டுக்கு வரலாமா, எந்த எண்ணில் எந்த நேரம் கூப்பிடலாம், வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்ல வேண்டும் என்பதை ஆலோசகரிடம் அன்றே பேசி எழுதவைப்பது நல்லது.

கடல் தாண்டினால் இந்தியச் சட்டத்தின் கை நீளாது. வளைகுடா நாடுகளின் வேலை விசாவுக்கான மருத்துவச் சோதனையில் எச்.ஐ.வி.யும் உண்டு. 2019 ஜனவரியில் சிங்கப்பூர் அரசு ஒரு கசிவு நடந்ததாக அறிவித்தது: அந்நாட்டு எச்.ஐ.வி. பதிவேட்டில் இருந்த 14,200 பேரின் விவரங்கள் இணையத்தில் போய்விட்டன. அதில் 8,800 பேர் வெளிநாட்டவர். வேலை பாஸுக்கும் வருகை பாஸுக்கும் விண்ணப்பித்தவர்கள் அதில் இருந்தார்கள். சிங்கப்பூருக்குப் பிள்ளைகளை அனுப்பும் கடலூர், காரைக்கால் பக்கத்து வீடுகளுக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. அங்கே ஓட்டை விழுந்தது ஹேக்கிங்கால் அல்ல. பதிவேட்டைப் பார்க்கும் அதிகாரம் இருந்த ஒரு டாக்டர் வழியாக அது வெளியே போனது.

மீறினால் என்ன?

சட்டத்தின் குரல் தணியும் இடம் இது.

வெறுப்பைப் பரப்பும் பிரசுரத்துக்கு மூன்று மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு. நீதிமன்ற வழக்கின் வழியாகத் தெரிந்துகொண்ட ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை வெளியிட்டால் ஒரு லட்சம் வரை அபராதம். ஆனால் வார்டில் சத்தமாகச் சொன்ன ஊழியருக்கு, பிரிவு 8-ஐ மீறியதற்கென்றே நேரடித் தண்டனை எதுவும் சட்டத்தில் எழுதப்படவில்லை. அதனால் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது.

1. புகார் அலுவலர். 20 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள மருத்துவ நிறுவனம், 100 பேர் உள்ள மற்ற நிறுவனம் ஒவ்வொன்றும் ஒருவரை நியமிக்க வேண்டும். பெயரைக் கேளுங்கள். பதிலுக்கு விழிப்பார்கள், அதையும் புகாரில் எழுதுங்கள்.

2. மாநில அரசு நியமிக்கும் ஆம்புட்ஸ்மேன், அதாவது குறைதீர்ப்பாளர். பாகுபாடு, மருத்துவச் சேவை தொடர்பான மீறல்களை விசாரிப்பார். 30 நாளில் உத்தரவு, அவசர சிகிச்சை மறுப்பு என்றால் 24 மணி நேரத்தில். உத்தரவை மதிக்காவிட்டால் 10,000 ரூபாய் வரை அபராதம், தொடர்ந்தால் நாளுக்கு 5,000 வரை. சம்பவம் புதுச்சேரியில் நடந்திருந்தால் கடலூரில் மனு கொடுத்து அலையாதீர்கள்.

3. டாக்டர் மீது மருத்துவக் கவுன்சில். 2002 நடத்தை விதிகளில் நோயாளியின் ரகசியத்தை வெளியிடுவது தவறான நடத்தை. உங்கள் பதிவின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பதும் அதே விதிகளில்தான்.

4. நுகர்வோர் ஆணையம். கட்டணம் வாங்கிய தனியார் மருத்துவமனைக்குப் பொருந்தும். எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனைக்குப் பொருந்தாது, 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

5. ரிட் மனு. உரிமை மீறலுக்காக நேராக உயர் நீதிமன்றத்தில் போடுவது. அரசு மருத்துவமனை என்றால் இதுதான் பலமான வழி. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் ஒரே சென்னை உயர் நீதிமன்றம் என்பதால் இதில் மட்டும் முள்ளோடை குறுக்கே வராது.

2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நம்பலாமா? விதிகள் 2025 நவம்பரில் வந்தன, நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்துத்தான். 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்பது பெரிய எண்தான், ஆனால் அந்தப் பணம் அரசுக் கருவூலத்துக்குப் போகும். தகவல் கசிந்தவருக்கு நஷ்டஈடு கேட்க வழி வைத்திருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவையும் இந்தச் சட்டம் எடுத்துவிடுகிறது. உடல்நலத் தகவலுக்குத் தனி அந்தஸ்தும் இதில் இல்லை. டிஜிட்டல் வடிவத்துக்கு வராத காகிதத்தை இது தொடாது, ஆக அந்தச் சிவப்பு வட்டம் இதன் கணக்கில் வராது.

வழக்குப் போட்டால் பெயர் வெளியே வந்துவிடுமே என்று பலர் பின்வாங்குகிறார்கள். அதற்குப் பிரிவு 34 இருக்கிறது: புனைபெயரில் மனு, மூடிய அறையில் விசாரணை, பெயரைப் பிரசுரிக்கத் தடை, மூன்றையும் கேட்கலாம். மனு தாக்கல் செய்யும் முதல் நாளிலேயே வக்கீல் இதைக் கேட்க வேண்டும். வழக்குப் பட்டியலில் ஒருமுறை பெயர் அச்சாகிவிட்டால் பிறகு வாங்கும் உத்தரவால் பெரிய பயன் இல்லை. எந்தச் சங்கத்தை அணுகுவது, பக்கத்து ஏ.ஆர்.டி. மையம் எது என்பதற்கு 1097 என்ற இலவச எண்ணில் பெயர் சொல்லாமலே பேசலாம்.